கள்ளும் தேநீரும்: பாக்கியநகர்ப் பொதுமனைகளின் வரலாறு

நம் குடியிருப்பில், பிள்ளைகளுள் ஒருவரையேனும் மேலை நாட்டுக்கு அனுப்பாத வீடு இன்று அருகிவிட்டது. படிக்கச் சென்றோரும் பணிக்குச் சென்றோரும் விடுமுறைதோறும் இலண்டன், மூனிக்கு, பிராகா முதலிய நகரங்களைக் கண்டு வருகின்றனர். சிற்சிலர் பெற்றோரையும் உடன் அழைத்துச் செல்கின்றனர். அந்நகரங்களுக்குச் செல்வோர் அரண்மனையும் தேவாலயமும் பார்ப்பதோடு நில்லாது, நல்ல குடிமனை எங்கே உள்ளது என்றும் உசாவுகின்றனர். இதனைக் கேட்டு நம் முதியோர் முகஞ்சுளிக்கின்றனர், இளையோர் நகைக்கின்றனர். வரலாற்றில் ஆர்வமுடைய நாம் இரண்டையும் விடுத்து, வேறொரு வினாவை எழுப்ப விரும்புகின்றோம். மேலை நாட்டு மனைகளைத் தேடிச் செல்லும் நாம், நம்மை வாழவைக்கும் இவ்வைதராபாத்தின் மனைகளைப் பற்றி என்ன அறிவோம்? இந்நகர மக்கள் நானூறு ஆண்டுகளாக எங்கே கூடினர், எதைப் பருகினர், அதனால் யார் வாழ்ந்தனர், யார் வீழ்ந்தனர்? ஆண்டு விழா மலரின் சில பக்கங்களில் இதனை ஆராய்வது பயனுடைத்து என்று கருதுகின்றோம்.

பெயரும் பொருளும்

ஆங்கிலேயர் ‘பப்’ என்று சுருக்கி வழங்கும் சொல்லின் முழுப்பொருள் ‘பொது வீடு’ என்பதாம். காசு கொடுப்போர் எவராயினும் உள்ளே வந்து அமரலாம் என்பது அதன் கருத்து. இக்கருத்து நமக்குப் புதிதன்று. காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலை, அந்நகரில் பறந்த பலவகைக் கொடிகளை வரிசைப்படுத்துகின்றது. கோயிற்கொடியும் கப்பற்கொடியும் அறிஞர் வாதுக்கு அழைக்கும் கொடியும் கூறப்படும் அவ்விடத்திலேயே, கள் விற்கும் மனையின் கொடியும் இடம்பெறுகின்றது. முற்றத்தில் மணல் பரப்பி மலர் தூவியிருப்பதும், மீனும் இறைச்சியும் பொரியும் ஓசை எழுவதும், அவ்வீட்டினுள் பலரும் புகுவதும் அங்கே சொல்லப்படுகின்றன. இலண்டனில் மது வடிப்போர் தம் கடைவாயிலில் அடையாளம் தொங்கவிடல் வேண்டும் என்று இரண்டாம் ரிச்சர்டு மன்னன் ஆணையிட்டது 1393-இல். அதற்கு ஓராயிரம் ஆண்டுக்கு முன்னரே நம் துறைமுகத்தில் அடையாளக் கொடி பறந்தது.

யவனர் நன்கலங்களிற் கொணர்ந்த தேறலைப் புறநானூறு கூறும். அதியமானும் ஔவையாரும் கள்ளைப் பகிர்ந்துண்ட நட்பையும் அந்நூலே கூறும். அதே தமிழில், கள்ளுண்ணாமையை ஓர் அதிகாரமாக, 93-ஆம் அதிகாரமாக, வள்ளுவப் பெருந்தகை வகுத்தார். கொடியைப் பாடிய புலவரும் கூடாதென்று விலக்கிய புலவரும் நம் முன்னோரே. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பது வரலாறு ஆகாது.

கோல்கொண்டா மன்னர் காலம்

ஐதராபாத் நகரை முகம்மது குலி குதுப்சா 1591-இல் தோற்றுவித்தார். சார்மினார் எழுந்ததும் அவ்வாண்டே. மூனிக்கு செல்லும் நம் பிள்ளைகள் தவறாது காணும் ‘ஓவ்பிராய்ஹௌசு’ என்னும் புகழ்பெற்ற குடிமனை, பவேரியக் கோமகன் ஐந்தாம் வில்லெல்மால் 1589-இல் தொடங்கப்பெற்றது. சார்மினாருக்கு அஃது இரண்டே ஆண்டு மூத்தது என்பதை அவர்கள் நினைவிற் கொள்வாராக. அரண்மனைக்கென எழுந்த அந்த வடிப்பகம் 1828-இல்தான் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. பாக்கியநகரின் கள்ளுக்கடைகளோ பதினேழாம் நூற்றாண்டிலேயே யாவர்க்கும் திறந்திருந்தன.

இதற்குச் சான்று கூறுபவர் தவர்னியே என்னும் பிரெஞ்சு நாட்டு வைர வணிகர். அவர் கீழ்த்திசைக்கு ஆறுமுறை பயணம் செய்தவர். கோல்கொண்டாச் சுரங்கங்களின் வைரத்தை நாடி இங்கு வந்தவர். அவருடைய பயண நூல் 1676-இல் பாரிசில் வெளிவந்தது. வைரத்தை எடையிட்ட அதே கண்ணால் அவர் இந்நகர மாலைப்பொழுதையும் எடையிட்டிருக்கிறார். பதிவேட்டில் பெயர் எழுதப்பெற்ற பொதுமகளிர் 20,000-க்கு மேற்பட்டோர் இங்கு இருந்தனர் என்றும், வெயில் தாழ்ந்தபின் அவர்கள் தம் சிறு வீடுகளின் வாயிலில் நின்றனர் என்றும், இரவானதும் விளக்கேற்றி வைத்தனர் என்றும், அவ்வேளையிலேயே கள்ளுக்கடைகளும் திறக்கப்பட்டன என்றும் எழுதுகின்றார். கள், ஐந்தாறு குரோச தூரத்திலிருந்து தோற்பைகளில் வந்ததாம். கிழக்குதிரைகளின் இருபுறமும் பைக்கு ஒன்றாகத் தொங்கவிட்டு, விரைந்தோட்டி வருவார்களாம். நாள்தோறும் 500 முதல் 600 குதிரைகள் நகருக்குள் நுழைந்தன என்பது அவர் கணக்கு.

சரக்குக் கணக்கு எழுதியே காலம் கழிக்கும் நமக்கு இவ்விடத்தில் பென்சிலைக் கையில் எடுக்காமல் இருக்க இயலவில்லை. குதிரைக்கு இரண்டு பை எனின், நாளொன்றுக்கு 1,000 முதல் 1,200 தோற்பைக் கள் என்றாகின்றது. இருப்புப்பாதை இல்லாத காலத்தில் இஃதொரு பெருஞ்சரக்குப் போக்குவரத்தே ஆகும். குதிரைகளை ஏன் விரைந்தோட்டினர் என்பதற்கும் காரணம் காண்டல் எளிது. கள் காத்திருக்காது. இறக்கிய சில நாழிகையிலேயே நுரைத்துப் புளிக்கத் தொடங்கும், மறுநாள் காடியாகிவிடும். பாரம் சுமப்பதில் கிழக்குதிரையாயினும் ஓட்டம் தளரலாகாது என்பது சரக்கின் இயல்பால் வந்த விதி.

தவர்னியே கூறும் இன்னொரு செய்தியே நம் கட்டுரைக்கு உயிர்நாடி. கள்ளின்மேல் விதித்த வரியால் மன்னருக்குப் பெருவருவாய் கிடைத்தது. அத்துணைப் பொதுமகளிரை இந்நகரில் விட்டுவைத்ததற்கு முதற்காரணம், அவர்களால் கள் மிகுதியாகச் செலவாயிற்று என்பதே என்கிறார் அவர். குடியைப் பெருக்கினால் கருவூலம் பெருகும் என்னும் கணக்கு, ஐதராபாத்தில் அன்றே எழுதப்பட்டுவிட்டது. மன்னர் மாறினர், ஆட்சிமுறை மாறிற்று, அக்கணக்கு மட்டும் மாறவில்லை என்பதைப் பின்வரும் பகுதிகளிற் காண்போம்.

மரமும் மரமேறியும்

தமிழ்நாட்டில் கள் என்றால் பனையும் தென்னையும் நினைவுக்கு வரும். தெலுங்கானத்திலோ பனையோடு ஈச்சமரமும் சிறப்பிடம் பெறும. ஈச்சங்கள்ளை இந்நகர உருது வழக்கில் ‘சேந்தி’ என்பர். தெலுங்கில் பொதுவாகக் ‘கல்லு’ என்பர். பனையில் பாளையைச் சீவிக் கலயம் கட்டுவர். ஈச்சிலோ மரத்தின் கழுத்துப் பகுதியையே சீவி, ஊறும் சாற்றைப் பானையில் வடிப்பர். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாது விட்டால் கள். ஒரே மரத்துச் சாறு குழந்தைக்கு ஊட்டமாவதும் தந்தைக்கு மயக்கமாவதும் ஒரு விரல் சுண்ணாம்பில் அடங்கியுள்ளது.

மரமேறும் தொழிலுடைய கௌடு மக்களின் வரலாறு பெருமையும் துயரும் கலந்தது. ஔரங்கசீப் 1687-இல் கோல்கொண்டாவைக் கைப்பற்றியபின் எழுந்த குழப்பத்தில், மரமேறும் குலத்திற் பிறந்த சர்வாயி பாபன்னா என்பார் படை திரட்டிக் கோட்டை கட்டி, 1708-இல் வாரங்கல் நகரையே தாக்கிக் கைப்பற்றினார். 1710-இல் அவர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். இன்றும் தெலுங்கான நாட்டுப் பாடகர் அவர் கதையைப் பாடுகின்றனர்.

நிசாம் ஆட்சியின் இறுதிக்காலத்தில், நாட்டுப்புறப் பெருநிலக்கிழார்க்கு மரமேறிகள் நாள்தோறும் விலையின்றிக் கள் அளக்கல் வேண்டும் என்னும் வெட்டிமுறை நிலவியது. 1946 முதல் 1951 வரை நடந்த தெலுங்கான உழவர் போராட்டத்தில் அன்னார் திரளாகச் சேர்ந்ததற்கு இக்கொடுமையும் ஒரு காரணம். கள் என்றவுடன் குடிப்பவனை மட்டும் நினைக்கின்றோம். விடியலில் இடுப்புக் கயிற்றை நம்பி மரமேறுபவனையும் நினைத்தல் வேண்டும். கயிறு அறுந்தால் அவன் குடும்பமே அறுந்தது.

நிசாம் அரசு கள், சாராயம் ஆகியவற்றின் விற்பனை உரிமையை ஏலமிட்டுக் குத்தகைக்கு விட்டு வந்தது. சாராயம் பெரிதும் இலுப்பைப் பூவினின்று வடிக்கப்பெற்றது. குத்தகைதாரர் செலுத்திய பணம் அரசின் வருவாயில் பெரும்பங்கு வகித்தது. குதுப்சாகி மன்னரின் பழங்கணக்கு நிசாமின் ஏட்டிலும் தொடர்ந்தது என்க.

இக்கணக்கை எதிர்த்துக் குரல் கொடுத்தோர் இந்நகரில் இல்லாமற் போகவில்லை. அவருள் தலையாயவர் பாக்கியரெட்டி வர்மா (1888–1939). தாழ்த்தப்பட்ட மக்களின் உயர்வுக்காக 1906-இல் சகன்மித்திர மண்டலியைத் தோற்றுவித்த அப்பெரியார், திருமணம், சாவு முதலிய சடங்குகளிற் கள் வழங்கும் வழக்கத்தை ஒழிக்கச் சேரிதோறும் சென்று பேசினார். உழைத்த கூலி மாலையிலேயே கள்ளுக்கடையில் கரைந்தால் பள்ளிக்குக் கொடுக்கப் பணம் எங்கிருந்து வரும் என்பதே அவர் தம் மக்கள் முன் வைத்த கவலை. அதனால் அவர் மதுவை எதிர்த்ததோடு நில்லாது பள்ளிகளையும் திறந்தார்.

படைநகரும் தமிழரும்

1798-இல் நிசாம் ஆங்கிலேயக் கும்பினியோடு படையுடன்படிக்கை செய்துகொண்டார். உசேன்சாகர் ஏரிக்கு வடக்கே தங்கிய அப்படையின் பாளையம், மூன்றாம் நிசாமாகிய சிக்கந்தர் சாவின் பெயரால் 1806-இல் செகந்தராபாத் ஆயிற்று. வந்த படை சென்னைப் படை. ஆதலின் அதனோடு தமிழ்ச் சிப்பாய்களும், அவர்கட்குப் பண்டம் விற்போரும், கணக்கு எழுதுவோரும், துணி வெளுப்போரும் வந்தனர். நம்மில் பலர் இருப்புப்பாதைப் பணிக்காக வந்தவர். நமக்கு முன்வந்த தமிழரோ படையின் பின்னே நடந்து வந்தவர்.

படைநகர் என்றால் சாராயமும் உடன்வரும். வெள்ளைச் சிப்பாய்களின் மாலைப்பொழுது பட்டாளத்துச் சாராயச் சாலையிற் கழிந்தது. வெயிலும் தனிமையும் வேலையின்மையும் அவர்களைக் குடிக்குத் தள்ளின. குடியால் வந்த நோயும் குற்றமும் மேலதிகாரிகளைக் கவலைக்குள்ளாக்கின. சென்னைப் படைக்கும் பின்னர் இந்தியப் படைக்கும் தலைமை வகித்த இராபர்ட்சு என்னும் தளபதி, 1880-களில் ஒரு நல்ல மாற்றுக் கண்டார். குடிசாலைக்குப் பக்கத்திலேயே படிப்பகமும் விளையாட்டறையும் சிற்றுண்டிச் சாலையும் அமைத்தல் வேண்டும். குடியாத சிப்பாய்க்கும் அமர ஓரிடம் வேண்டும் என்பதே அது. குடியைத் தடுப்பதற்கு முதற்படி, குடியாதவனுக்கு ஓர் இருக்கை தருவது என்பதை அவர் உணர்ந்திருந்தார். அதிகாரிகளோ தமக்கெனத் தனி மனை வைத்துக்கொண்டனர். 1878-இல் தோன்றிய செகந்தராபாத் கிளப்பு அத்தகையது. அது பெயரளவிலும் பொதுமனை அன்று.

இச்சூழலில் இங்கிருந்த தமிழர் செய்ததை எண்ணி நாம் பெருமிதம் கொள்ளலாம். சோமசுந்தர முதலியார் 1862-இல் செகந்தராபாத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். பின்னர் ஆறாம் நிசாமின் பெயரால் மகபூப் கல்லூரி என வளர்ந்தது அதுவே. 1893 பிப்ரவரி 13-ஆம் நாள், அமெரிக்கா செல்லுமுன் விவேகானந்த அடிகள் தம் மேலைப் பயணத்தின் நோக்கத்தைப் பற்றிச் சொற்பொழிவாற்றியது அக்கல்லூரியில்தான். பாளையத்தில் சாராயக் கடைக்குக் குறைவில்லாத காலத்தில், பாளையத்தோடு பிழைக்க வந்த தமிழர் ஒருவர் எழுப்பியது பள்ளி. பதுமராவ் நகர் என்று நாம் நாள்தோறும் பேருந்தில் கடக்கும் பகுதியும் பதுமராவ் முதலியார் என்னும் தமிழ்ப் பெருமகனின் பெயரைத் தாங்குவதே. பிழைக்க வந்த ஊரில் எதை விட்டுச் செல்கின்றோம் என்பதே குடியேறிய மக்களை அளக்கும் கோல்.

ஈரானியர் தேநீர் மனை

1874-இல் வாடியிலிருந்து செகந்தராபாத்துக்கு இருப்புப்பாதை வந்தது. பம்பாயோடு இந்நகர் இணைந்தது. அவ்வழியே வந்தவருள் ஈரானியரும் சேர்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் அவர்கள் பம்பாயிலும் பூனாவிலும், பின்னர் ஐதராபாத்திலும் தேநீர்க் கடைகளைத் திறந்தனர். ஆபிட்சுப் பகுதியின் கிராண்டு ஓட்டல் 1935-இல் தோன்றியது. செகந்தராபாத்தின் பாரடைசு, 1953-இல் அப்பெயருடைய திரையரங்கின் சிற்றுண்டிச் சாலையாகத் தொடங்கியது. நிலையத்துக்கு எதிரே ஆல்பா ஓட்டலில் ஒரு குவளை தேநீர் பருகாத இருப்புப்பாதை ஊழியர் உண்டோ!

ஈரானியர் தேநீரின் செய்முறை தனித்தன்மை உடையது. தேயிலை நீரை மூடிய பாத்திரத்தில் நெடுநேரம் மெல்லனலில் வைப்பர். பாலைத் தனியே சுண்டக் காய்ச்சுவர். குவளையில் முதலில் ஒன்றும் பின்னர் மற்றொன்றுமாகக் கலப்பர். ஆதலின் முதல் வாடிக்கையாளர்க்கும் கடைசி வாடிக்கையாளர்க்கும் சுவை வேறுபடுவதில்லை. உடன் உண்ண உசுமானியா பிசுகோத்து. இருவர்க்குக் காசு போதாதெனில் ஒன்றை இரண்டாகப் பகிர்ந்து தருவர். பளிங்குக்கல் மேசை, வளைந்த மரநாற்காலி, தெருமுனைக் கட்டடம், இருபுறமும் வாயில். எவரும் எவ்வளவு நேரமும் அமரலாம். எழுந்து போ என்பார் இல்லை.

உண்மையான ‘பொது வீடு’ ஐதராபாத்தில் இதுவே என்று நாம் துணிந்து கூறுவோம். ஆபிட்சின் ஓரியண்டு ஓட்டலில் கவிஞரும் ஓவியரும் செய்தியாளரும் கூடினர். உருதுக் கவிஞரும் தொழிற்சங்கத் தலைவருமாகிய மக்தும் மொகைதீன் (1908–1969) அங்கு அமர்ந்தவருள் ஒருவர். நிசாமின் இருப்புப்பாதைத் தொழிலாளரை ஒன்றுசேர்த்த அன்னாரின் பேச்சுக்கு ஒரு கோப்பைத் தேநீரே துணை.

இலண்டனிலும் இவ்வாறே நிகழ்ந்தது. 1652-இல் அங்கு முதற் காப்பிக்கடை திறந்தது. மயங்காத மூளையோடு மனிதர் கூடிப் பேசத் தொடங்கியதும் அரசுக்கு அச்சம் பிறந்தது. 1675-இன் இறுதியில் இரண்டாம் சார்லசு மன்னர் காப்பிக்கடைகளை மூட ஆணையிட்டார். எதிர்ப்பு மிகவே சில நாளில் அவ்வாணையைத் திரும்பப் பெற்றார். கள்ளுக்கடையை மூட மன்னர்க்கு மனமில்லை. காப்பிக்கடையை மூடவே விரைந்தார் என்பது சிந்திக்கத்தக்கது. ‘இங்கு அரசியல் பேசக்கூடாது’ என்று நம்மூர்த் தேநீர்க் கடையில் தொங்கிய பலகையும் அவ்வச்சத்தின் தம்பியே.

எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் விடலாகாது. ஈரானியர் மனையில் பெண்டிர்க்கென ஒதுக்கியது திரையிட்ட ஒரு மூலை. ‘பொது’ என்னும் சொல் பாதிப் பேருக்கே பொருந்திற்று.

விலக்கும் விற்பனையும்

நம் தமிழகத்தில் 1921-இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் முன்னின்றனர். 1937 அக்டோபர் 1-ஆம் நாள் இராசாசி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்தினார். இழந்த வருவாய்க்கு ஈடாக 1939-இல் பொது விற்பனை வரியைக் கொணர்ந்தார். குடிகாரன் ஒருவன் கொடுத்ததை ஊரார் பகிர்ந்து கொடுப்பது அதன் கருத்து. 1948 அக்டோபர் 2 முதல் சென்னை மாகாணம் முழுதும் மதுவிலக்கு நிலவியது.

ஐதராபாத் அவ்வட்டத்துக்கு வெளியே நின்றது. இந்தியாவோடு அது இணைந்தபின்னும் கள்ளுக்கடைகள் திறந்தேயிருந்தன. ஆந்திரத்தில் மதுவிலக்குச் சிக்கலால் 1954 நவம்பரில் பிரகாசம் அமைச்சரவை ஒரே வாக்கில் கவிழ்ந்தது. 1956-இல் ஆந்திரப் பிரதேசம் உருவானபோது, கடலோரம் விலக்குடைய பகுதி, தெலுங்கானம் விற்பனையுடைய பகுதி என ஒரே மாநிலத்தில் இரு நெறிகள் நிலவின. அக்காலத்தில் சென்னையில் வண்டியேறிச் செகந்தராபாத்தில் வேலை ஏற்க வந்த தமிழ் இளைஞன், ஓரிரவில் விலக்கிலிருந்து விற்பனைக்கு வந்து இறங்கினான். மனைவி மக்கள் ஊரில், கையில் முதற் சம்பளம், அறையில் தனிமை, தெருமுனையில் ‘கல்லு காம்பவுண்டு’. மதில் சூழ்ந்த அம்முற்றத்தில் பலகையும் பானையும் சுண்டலும் காத்திருந்தன. சிலர் அங்குச் சென்றனர். சிலர் எதிர்ப்புறத்து ஈரானியர் கடைக்குச் சென்றனர். இரண்டுக்கும் இடையே தெருவின் அகலமே தொலைவு. அத்தொலைவில் எத்தனை குடும்பங்களின் தலையெழுத்து மாறிற்று என்பதை நம் குடியிருப்பின் மூத்த தாய்மார் அறிவர்.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுவோம். தமிழகத்தில் 1971-இல் மதுவிலக்குத் தளர்த்தப்பட்டு 1974-இல் மீண்டது, அதுவும் நிலைக்கவில்லை. 1983-இல் தோன்றிய அரசு வாணிபக் கழகம் 2003 முதல் சில்லறை விற்பனையையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. ஆந்திரத்தில் 1992-இல் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்டிர் சாராயக்கடையை மூடச் செய்தனர். பாடப்புத்தகத்திற் படித்ததைத் தெருவில் நடத்திக் காட்டிய அவ்வெழுச்சி மாநிலமெங்கும் பரவிற்று. 1993 அக்டோபரில் சாராயம் தடைசெய்யப்பட்டது. 1995 சனவரி 16 முதல் என்.டி. இராமராவ் முழு விலக்கைக் கொணர்ந்தார். 1997-இல் சந்திரபாபு நாயுடு அரசு வருவாயிழப்பை எண்ணி அதனை விலக்கிக்கொண்டது. ஐதராபாத்தில் 2004-இல் மூடப்பட்ட கள்ளுக்கடைகள், தெலுங்கானம் தனி மாநிலமானபின் 2014-இல் மீண்டும் திறந்தன. மரமேறிகளின் பிழைப்பு அதற்குக் காட்டப்பட்ட காரணம்.

அக்காரணம் பொய்யன்று. ஆனால் நகரம் வளர்ந்து மரம் குறைந்தபின் இத்துணைக் கள் எங்கிருந்து வரும்? மரம் தராததை மருந்து தருகின்றது. மயக்கமருந்துத் தூள்களை நீரிற் கரைத்துக் கள்ளென விற்கும் கொடுமை தெலுங்கானத்தில் நெடுங்காலமாக உள்ளது. 2025 சூலையில் கூகட்பல்லிப் பகுதியில் கலப்படக் கள் அருந்தியோர் பலர் மருத்துவமனைகளிற் சேர்க்கப்பட்டனர், சிலர் மாண்டனர். 2024 சூனில் நம் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்துக்கு 60-க்கு மேற்பட்டோர் இரையாயினர். விற்றாலும் சாவு, விலக்கினாலும் சாவு என்று சலித்துக்கொள்வோர் உளர். மாண்டோர் பெரும்பாலும் அன்றாடக் கூலிகள் என்பதையும், ஏழை பருகுவதைச் சோதிக்க அரசு காட்டும் ஊக்கம் அதற்கு வரி தண்டக் காட்டும் ஊக்கத்தினும் குறைவு என்பதையும் அவர்கள் எண்ணிப்பார்த்தல் நன்று.

நல்ல மனை எது?

இனி, தொடங்கிய வினாவுக்கு வருவோம். நல்ல மனையைக் கண்டறிவது எங்ஙனம்? மேலை நாடும் இதற்குப் பட்டறிவால் விடைகண்டது. இங்கிலாந்து 1552-இலேயே குடிமனைகட்கு உரிமம் வேண்டும் எனச் சட்டம் செய்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் மலிந்த ‘சின்’ என்னும் எரிசாராயம் இலண்டன் ஏழைகளைச் சூறையாடிற்று. 1751-இல் ஓவியர் ஓகார்த்து, சாராயத் தெரு ஒன்றும் ‘பீர்’ தெரு ஒன்றுமாக இரு படங்களை வெளியிட்டார். முதற்படத்தில் தாயின் கையிலிருந்து குழந்தை நழுவி விழுகின்றது. அவ்வாண்டே சாராய விற்பனையைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. இன்று நம் பிள்ளைகள் காணும் அமைதியான மனைகளுக்குப் பின்னால் இந்நெடிய போராட்டம் உள்ளது.

நாம் ஆராய்ந்தவற்றிலிருந்து நான்கு அளவைகள் கிடைக்கின்றன. முதலாவது, அங்கு மக்கள் கூடுவது உரையாடற்பொருட்டாதல் வேண்டும். பானம் அதற்குத் துணையாதல் வேண்டும். இரண்டாவது, உணவும் உடன் கிடைத்தல் வேண்டும். பட்டினப்பாலையின் முற்றத்திலும் பொரியும் ஓசை கேட்டது. மூன்றாவது, மனைவியையும் மகளையும் முதியோரையும் கூசாமல் அழைத்துச் செல்லத்தக்கதாதல் வேண்டும். நான்காவது, பருகாதவனும் அமர இடமிருத்தல் வேண்டும். இந்நான்கும் பொருந்திய மனை பிராகாவில் இருப்பினும் பத்தர்கட்டியில் இருப்பினும் நல்ல மனையே. பொருந்தாதது எத்துணைப் பழமையும் புகழும் உடையதாயினும் வாயிலோடு திரும்புதல் நன்று. மேலை நாடு செல்லும் இளையோர்க்கு இதைவிடச் சுருங்கிய வழிகாட்டி நாம் அறியோம்.

உள்ளூரில் வாழும் நமக்கோ இன்னொரு கடமை உளது. நம் குடியிருப்பில் மாலை ஆறு மணிக்குப் பின் ஓர் ஆண்மகன் சென்றமரத்தக்க இடம் எது? பணி ஓய்வு பெற்றவர் எங்கே செல்வார்? மனைவி ஊருக்குச் சென்ற மாதத்தில் தனித்திருப்பவர் எங்கே செல்வார்? புதிதாக மாற்றலாகி வந்து மொழி தெரியாது திகைக்கும் இளைஞர் எங்கே செல்வார்? நாள் முழுதும் வீட்டுவேலையில் உழலும் பெண்டிர்க்குக் கூடிப் பேச எவ்விடம் உண்டு? மதுக்கடை இரவு நெடுநேரம் திறந்திருக்கின்றது. நம் சங்கக் கூடமோ பொங்கலுக்கும் ஆண்டு விழாவுக்கும் திறந்து, எஞ்சிய நாளெல்லாம் பூட்டிக்கிடக்கின்றது. பின்பு, இன்னார் குடித்துக் கெட்டார் என்று நாமே பேசிக்கொள்கின்றோம்.

சங்கக் கூடத்தை நாள்தோறும் மாலை மூன்று மணி நேரம் திறந்துவைப்போம். நான்கு நாளிதழ், இரண்டு சதுரங்கப் பலகை, ஒரு காப்பி வடிகலம், பத்து நாற்காலி போதும். வீட்டுக்கு ஒருவர் மாதத்தில் ஒருநாள் பொறுப்பேற்றால் செலவும் பெரிதாகாது. இராபர்ட்சு தளபதி சிப்பாய்க்குச் செய்ததை, ஈரானியர் இந்நகர மக்கட்குச் செய்ததை, சோமசுந்தர முதலியாரின் வழிவந்த நாம் நம் குடும்பங்களுக்குச் செய்துகொள்ள இயலாதோ? ஆண்களும் பெண்களும் ஒருங்கே அமரும் கூடமாக அது விளங்கினால், ஈரானியர் மனையின் குறையும் அதில் இராது. அடுத்த பொதுக்குழுவில் இதனைத் தீர்மானமாகக் கொணர வேண்டுமென உறுப்பினர்களை வேண்டிக்கொள்கின்றோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!